நாலுக்கும் நாலரைக்கும் நடுவே

முஹர்ரக் விமான நிலையத்தில்
பெட்டி சுற்றிச் சுற்றி வந்தது.
திறந்தேன். உள்ளே மானாமதுரை,
ஏழு துண்டாக.

புகார்த்தாளில் பொருளின் பெயர் கேட்டாள் அந்தப் பெண்.
கடம் என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னாள்.
பானை என்றேன். விலை?
எண்ணூறு ரூபாய்.
தினாரில் மாற்றினால் இரண்டு பேர் பிரியாணி.
அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

இரவு எட்டுக்குக் கச்சேரி.
சங்கச் செயலாளர் கதிரேசபாண்டியன்
மனாமாவில் ஒரு பாத்திரக்கடையில் காரை நிறுத்தி
எவர்சில்வர் குடம் ஒன்றைத் தட்டிக் காட்டினார்:
"இதுவும் நல்லாத்தான் கேக்குது சார்."

கடைக்காரர்தான் சொன்னார்,
முத்துக் குளித்தவர்களின் பாட்டுவீடு
பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது,
அங்கேயும் ஆம்பிளைகள் உட்கார்ந்து
பானையைத்தான் அடிக்கிறார்கள் என்று.

வாசலில் முப்பது ஜோடிச் செருப்பு.
உள்ளே கஹ்வா, பேரீச்சை, நடுவில் அது:
ஜஹ்லா. ஆலி ஊர் மண். தண்ணீருக்குச் சுட்டது.
சுருதி பார்த்து யாரும் சுடவில்லை.
தட்டினேன்.
நாலு கட்டையும் இல்லை, நாலரையும் இல்லை,
எந்த ஆர்மோனியத்திலும் விரல் நுழையாத சந்து.

ஒருவர் மேலே பாடினார்.
மற்றவர்கள் கீழே, தொண்டைக்கும் கீழே,
கப்பலடியில் தண்ணீர் முனகுவதுபோல்.
நான் தொடையில் விரல் மடக்கினேன்.
பதினாறு. முப்பத்திரண்டு.
அப்போது ஒரு கை, வேண்டுமென்றே, தாமதித்தது.
ஸமம் எங்கே என்று கேட்டேன்.
கதிரேசபாண்டியன் ஏதோ மொழிபெயர்த்தார்.
பாடியவர் எனக்கு இன்னொரு கஹ்வா ஊற்றினார்.

மண் இறங்கி வராது. நாங்கள் இறங்கினோம்.
சாரதாமணி என்னை முறைத்தபடி
வயலின் பிருடையைத் திருகினாள்.
பாடகருக்குத் தன் குரல் எங்கே என்று தெரியவில்லை,
அதனால் அன்று நன்றாகப் பாடினார்.
தனி ஆவர்த்தனத்தில் கோர்வையை மூன்றாம் தடவை
முடிக்காமல் வைத்திருந்தேன்.
கடைசி வரிசையில் வெள்ளை அங்கி ஒன்று
தப்பான இடத்தில் கைதட்டியது.
தப்பில்லை.

காலையில் திருப்பித் தருவதாகப் பேச்சு.
விமானம் ஐந்து மணிக்கு.

மார்கழியில் ஒரு விமர்சனம், ஒரே வரி:
"வித்வான் தில்லைநாயகத்தின் கணக்கு
வளைகுடாவில் ஈரம் குடித்திருக்கிறது."
அடுத்த வருஷம் எனக்கு மதியம் ஒன்றேகால் மணி.
கேன்டீனில் நல்ல கூட்டம்.

பிறகு லிஸ்பன், டாக்கர், ஓஸ்லோ.
ஊது வாசிப்பவன், கோரா வாசிப்பவள்,
பனிக்கட்டியைத் தட்டுகிற ஒருவன்கூட.
சுவரொட்டிகளில் என் பெயருக்குக் கீழே
ஃப்யூஷன் என்று போட்டார்கள்.
எதையும் எதோடும் நான் சேர்த்ததாக நினைவில்லை.
கொஞ்சம் தாமதித்தேன், அவ்வளவுதான்.
கேட்டவர்களிடமெல்லாம் இந்தப் பானையின் கதையைச் சொன்னேன்.
கதையில் ஒன்றை விட்டுவிட்டேன்.

இருபத்திரண்டு வருஷம் கழித்து
மடியில் வைத்து, பெல்ட் போட்டு, எடுத்து வந்தேன்.
பாட்டுவீட்டுக்கு ஏசி வந்துவிட்டது.
கஹ்வா ஊற்றியவர் சுவரில் இருந்தார்.
கலஃபான் என்ற பையன், கையில் கார்ச் சாவி,
பானையை வாங்கி வாய்க்குள் டார்ச் அடித்தான்.
உள்ளே, கழுத்துக்குக் கீழே,
நாலு கட்டைக்கு இறக்க
முதல் வாரமே நான் ஒட்டிய மெழுகு,
புளியங்கொட்டை அளவு.

என்னை ஒன்றும் கேட்கவில்லை.
நகத்தால் சுரண்டி எடுத்து,
சட்டையில் துடைத்துவிட்டு,
தட்டிப் பார்த்தான்.