எதிர்வீட்டுக்கு ஒரு மாத்திரை

பேரணாம்பட்டில் ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான்
எங்களுக்கு வேலை.
பகலெல்லாம் நுரையீரலில் பதுங்கிக் கிடந்து
தெரு அடங்கியதும் விரல்நுனிக்கு வரும் புழுவுக்காக
டியூட்டி நேரத்தை மாற்றிக்கொண்டவர்கள்.

"இன்னா சார், திருடன் வர்ற நேரத்துல
ரத்தம் கேட்டுகினு வந்துக்கீறீங்க?"
கேட்டுக்கொண்டே மோதிரவிரலை நீட்டினாள் அமுலு.
கண்ணாடித் துண்டில் மூன்று கோடு, அவள் வீட்டு எண்.
இடது காலைப் பற்றி
அவளும் பேசவில்லை, நானும்.

காலையில் பார்த்தால் அமுலுவின் ரத்தம் சுத்தம்.
புழு எப்போதோ போய்விட்டது,
காலை மட்டும் விட்டுவிட்டு.
எதிர்வீட்டில் கபடி ஆடுகிற தமீமின் ரத்தத்தில்
கத்தரிப்பூ நிறத்தில் சுருண்டிருந்தன
பதினொரு நூல்கள்.

அமுலு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள்,
ஜெர்மனிக்குப் போகிற முப்பத்தேழாம் நம்பர்.
அவள் வலது காலுக்கு ஹவாய் செருப்பு,
இடதுக்குக் கோணித்துணி.

மாத்திரையோடு ஷாகிரா போனாள்.
"எனக்குத்தான் ஒண்ணுமில்லன்ட்டீங்க,
அவனுக்கு வலியே இல்ல,
அப்ப யாருக்கு இது?"
"எதிர்வூட்டுக்கு."
இரண்டு வீட்டிலும் அதையே சொன்னாள்.
அமுலு சிரித்துக்கொண்டே மென்றாள்.
தமீம் நாக்கடியில் ஒதுக்கி
கால்வாயில் துப்பினான்.
மூன்றாம் தடவை, சாப்பாட்டுக்குப் பின்,
செம்போடு நின்றாள் ஷாகிரா, விழுங்கும்வரை.
அன்று ராத்திரி அவனுக்குக் காய்ச்சல், தலைசுற்றல்.
விடிந்ததும் அவன் அம்மா ஆபீசுக்கே வந்தாள்:
"நல்லா இருந்த புள்ளைய!"
சாகிற புழுவின் காய்ச்சல் அது என்று
எந்த வார்த்தையில் சொல்வது.

கோதண்டன் நகராட்சி ஆள்.
கக்கூஸ் குழிகளில் தெர்மோகோல் மணி கொட்டுவான்,
கொசு முட்டையிட இடமில்லாமல்.
காற்றுக் குழாய்களுக்கு வலை கட்டுவான்.
பிள்ளைகள் மணியை அள்ளிப்போய்
கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனி தூவிவிட்டார்கள்.
இரண்டாம் மூட்டைக்கு எழுதிப் போட்டான்.
மழைக்கு அப்புறம் வந்தது.
ஒரே சந்தில் மூன்று வருஷம்,
அவனுக்கு என் பெயர் தெரியாது.

அமுலுவுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு
கால் நெருப்பாய்ச் சிவந்த அன்றுதான்
அவள் வாசலில் எல்லோரும் சேர்ந்து நின்றோம்.
காய்ச்சல் இறங்கிய பிறகு நர்ஸ் காட்டினாள்:
சோப்பு, ஒரு மக் தண்ணீர்,
விரலிடுக்கு ஒவ்வொன்றாய்,
தேய்க்காமல் ஒற்றியெடுக்கணும்,
ராத்திரி கட்டில்கால் உயர்ந்திருக்கணும்.
கோதண்டன் போய் இரண்டு செங்கல் கொண்டுவந்தான்.

பத்து மாசம் கழித்து டேப் வைத்தேன்.
நாற்பத்தொன்று இருந்தது முப்பத்தொன்பதரை.
அவ்வளவுதான்.
கழித்துப்போட்ட தோலில்
தன் இடது காலுக்குத் தானே தைத்திருந்தாள்.
"இதுக்கு இன்னா நம்பர் சார் போடறது?"

இந்த வருஷ சர்வேக்கு
தமீம் வீட்டில் கதவு திறக்கவில்லை.
உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம்.
புதுச் செருப்பு கிறீச்சிட
அமுலு சந்தைத் தாண்டிப் போய்த் தட்டுகிறாள்.
மணி பத்தேகால்.
ஊசியைப் பிரிக்காமல் நிற்கிறேன்.