ஆடும் மேசை

கிடினியா துறைமுக மருத்துவமனையில்
சலவைக்கூடத்து இரவுப்பணி எனக்கு.
பகல் ஹால்ஷ்காவுடையது.
நீராவிக் குழாய்க்குப் பின்னால்
செருகி வைத்த கோடு போட்ட நோட்டு
இருவருக்கும் பொது.

அதில் அவள் ஒரு கப்பல் கேப்டன்.
நான் கடன்பட்ட விடுதிக்காரி.
விதி ஒன்றுதான்:
அவள் ஆளை நான் அசைக்கக் கூடாது,
என் ஆளை அவள்.

பதினோரு இரவு யோசித்து
ஒரு கடிதம் எழுதினேன்.
'உன் மகள் உயிரோடிருக்கிறாள்.'
விடுதிக்காரி அதை
கேப்டன் கையில் திணித்தாள்.
பிரித்தால் அழுவான்;
அழுகைக்கு அடுத்த பத்திகூட
மனசுக்குள் தயார்.

மறுநாள் இரவு நோட்டைத் திறந்தால்
அவன் பிரிக்கவேயில்லை.
நாலாய் மடித்து
மேசைக்காலுக்கு அடியில் வைத்துவிட்டு
சூப் குடித்தான்.

போர்வைகள் ஒரு முழுச் சுற்று சுழலும்வரை
நானும் கொதித்துக்கொண்டிருந்தேன்.
பாவி, என் கடிதம்!

அப்புறம்தான் பழைய பக்கங்களைப் புரட்டினேன்.
செப்டம்பரில், போகிறபோக்கில்,
'அந்த மேசை கொஞ்சம் ஆடும்' என்று
எழுதியவன் நானே.
நான் மறந்துபோன மேசையில்
மூன்று மாதமாய்
அவன் சூப் சிந்திக்கொண்டிருந்திருக்கிறான்.

கறை போகாத விரிப்பு ஒன்றைப்
பிடித்துக்கொண்டு
தனியாய்ச் சிரித்தேன்.

ஆறு மணிக்கு வந்தாள்,
தொப்பியெல்லாம் பனி.
"நாலாம் நம்பர் ஒழுகுது" என்றேன்.
"தெரியும்" என்றாள்.
அவ்வளவுதான் பேச்சு.

நோட்டில் விட்டு வந்திருந்தேன்:
விடுதிக்காரி மேசை துடைக்க வந்தாள்.
குனிந்தாள்.
காகிதத்தைப் பார்த்தாள்.
அதை உருவாமல்
இன்னொரு கிண்ணம் சூப் வைத்தாள்.