நாற்பத்தொரு வானி

பிடிபிடி முகாம், மூன்றாம் வட்டாரம்.
தண்ணீர்த் தொட்டியை ஒட்டி
ஒரு தகரக் கூரை, ஒரு மேசை, மூன்று கைபேசி.
பிரிந்தவர்களைத் தேடித் தருவது என் வேலை.
சம்பளம் இல்லை. சைக்கிள் உண்டு.
அதற்கு மணி இல்லை.

போனி வந்து உட்கார்ந்தபோது
முழங்கைவரை சோளமாவு காய்ந்திருந்தது.
யாரைத் தேடுகிறாய்?
அண்ணனை.
பெயர்?
வானி.

பேனாவை மூடி வைத்தேன்.
எங்கள் பாரி பேசும் ஜனத்தில்
மூன்றாவதாகப் பிறக்கிற ஆண் வானி,
மூன்றாவது பெண் போனி.
பெயரைச் சொன்னால்
எத்தனையாவது பிள்ளை என்று தெரியும்,
யார் பெற்ற பிள்ளை என்று தெரியாது.
என் பதிவேட்டில் நாற்பத்தொரு வானி.
ஒருவன் இறந்துவிட்டதாகத் தகவல். உறுதியில்லை.

அடையாளம்?
உயரமானவன்.
எவ்வளவு உயரம்?
நான் அண்ணாந்து பார்க்கிற அளவு.
அப்போது உனக்கு வயது?
ஒன்பது.
படிவம் சென்டிமீட்டரில் கேட்கிறது.

ஆகவே ஒரு கேள்வி வேண்டும்,
அவனுக்கு மட்டும் விடை தெரிந்த கேள்வி.
எங்கள் நொண்டிச் சேவலுக்கு
அவன் என்ன பேர் வைத்தான் என்று கேளுங்கள்
என்றாள்.
விடையை என் காதோடு சொன்னாள்.
அதை இங்கே எழுத மாட்டேன்.
இன்னும் தேவைப்படுகிறது.

ஆறாவது வானி பணம் கேட்டான்.
பதினொன்றாவது வானி
ஐயோ தங்கச்சி, நான்தான், நான்தான் என்று அழுதான்.
சேவல் என்றதும் அழுகையை நிறுத்தி
மன்னிப்புக் கேட்டான்.
அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

பத்தொன்பதாவது வானி
எல்லைக்கு அப்பால், கென்யாவில், ககுமா முகாமில்.
ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம், அதுதான் விதி.
சேவலா?
எங்களிடம் சேவல் இல்லையே, படகுதான் இருந்தது
என்றான்.

நான் கையை நீட்டினேன்.
போனி கைபேசியைத் தரவில்லை.
இன்னும் ஒரு நிமிடம் நாற்பது நொடி இருந்தது.
சாப்பிட்டாயா என்றாள்.
அந்தப் பக்கம்
கூடாரத் துணியைக் காற்று அடிக்கிற சத்தம் மட்டும்.
பிறகு, பீன்ஸ் என்றான்.
அங்கே மழையா?
மேகம்தான்.
அப்புறம் அவன் ஏதோ சொல்லிக்கொண்டே போனான்,
இவள் உம் கொட்டிக்கொண்டே இருந்தாள்
தொடர்பு தானாக அறுபடும்வரை.
திரையைப் பாவாடையில் துடைத்துத் தந்தாள்.

முடிவு என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன்.
நடந்ததை எழுத வேறு கட்டம் இல்லை.

அடுத்த வியாழக்கிழமை
இன்னொரு படிவம் கேட்டு வந்தாள்.
யாரைத் தேட?
கெஜி. வீட்டில் இரண்டாவது மகள்.
உன் அக்காவா?
என் அக்கா இல்லை. ககுமாக்காரனுடைய தங்கை.
கேள்வி?
படகின் ஓட்டையை எதை வைத்து அடைத்தார்கள்.

மாவு வரிசையில், ஊசி போடும் வரிசையில்,
விறகுக்குப் போகிற வழியில்
கெஜி என்று யாரையாவது கூப்பிட்டால்
போனி திரும்பிவிடுவாள்.
உங்கள் வீட்டில் படகு இருந்ததா?
பைத்தியம் என்றார்கள் சிலர்.
படகு வைத்திருந்தவர்களுக்குத் தனியாக
எண்ணெய் கொடுக்கிறார்களா என்றாள் ஒருத்தி.

நேற்று இருட்டிக்கொண்டு வரும் நேரம்,
முதுகில் குழந்தையோடு ஒருத்தியைக் கூட்டிவந்தாள்.
நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.
நான் கேள்வியை முடிக்கவும் இல்லை.
செருப்பு, என்றாள் அவள்.
நீல ரப்பர்ச் செருப்பு.
வெட்டி, உருக்கி, அண்ணன்தான் ஒட்டினான்.
மற்றதை ரொம்ப நாள் வைத்திருந்தேன்,
ஒற்றைச் செருப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

எண்ணை அழுத்தினேன்.
சிக்னல் இல்லை.
தகரத்தின்மேல் மழை இறங்கிவிட்டது.
மறுபடி அழுத்தினேன்.
கெஜி குழந்தையை முதுகிலிருந்து இறக்கி
முன்னால் கட்டிக்கொண்டாள்.
போனி என் சைக்கிளைத் தூக்கி
நனையாமல் உள்ளே வைத்தாள்.

அவளுக்கு இன்னும் இருபத்திரண்டு வானி பாக்கி.
இறந்துபோனதாகச் சொல்கிறவனையும் சேர்த்து
எண்ணச் சொல்கிறாள்.