எழுந்த பிறகு

புதுவயலில் மில் சங்கு ஊதும்போது
கிளினிக் ஷட்டரைத் தூக்குவேன்.
அதற்கு முன்பே வரிசை நிற்கும்:
ஒரு ஜோடி செருப்பு, தண்ணீர் பாட்டில்,
பிறகு ஒரு கல்,
கல்லுக்கடியில் மடித்த மருந்துச் சீட்டு.
கல்லுக்கும் டோக்கன் உண்டு.
சொந்தக்காரர் டீக்கடையிலிருந்து
வாயைத் துடைத்தபடி ஓடி வருவார்.

வயது கேட்டால் பெண்கள்
மூத்த மகன் வயதைச் சொல்லி
நீயே கூட்டிக்க என்பார்கள்.
எடை மெஷினில் ஏறச் சொன்னால்
தாலிக்கயிற்றுச் சாவியைக் கழற்றி என்னிடம் தருவார்கள்,
அதுதான் கனம் என்பதுபோல.

பதினாறு வருஷமாய்ச் சொல்கிறேன்,
பழைய சீட்டைக் கொண்டு வாங்க.
பேர் தெரியாட்டி அட்டையோட கொண்டு வாங்க.
வெள்ளையா ரவுண்டா ஒரு மாத்திரை என்றால்
உலகத்தில் பாதி மாத்திரை அதுதான்.
வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு.
டீ சாப்பாட்டிலே சேருமா என்று கேட்ட அழகுசுந்தரம்
அப்புறம் மெதுவாய்ச் சொன்னார்:
ரெண்டே ரெண்டு கந்தரப்பம்,
கல்யாண வீட்டில் மறுக்க முடியலே.

நெல் அவிக்கும் சேவுகப்பெருமாள்
மஞ்சள் பையைக் கவிழ்த்தார்.
மூன்று மாத மாத்திரை. ஓர் அட்டைகூடப் பிரிக்கவில்லை.
பையோடு கொஞ்சம் உமியும் கொட்டியது.
நான் திட்டுக்குத் தயாரானேன்.
டாக்டர் ஜொஹரா திட்டவில்லை.
அட்டைகளை மேஜையில் வரிசையாய் வைத்து
இதுல எத்தனை உங்களால முடியும் என்றார்.
காலையில ஒண்ணு.
சரி, அந்த ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்போம்.
சாப்பிட்டேன் என்று அவர் பொய் சொல்லியிருந்தால்
நாலு ஐந்தாகியிருக்கும்.

ஊசி போடாமல் அனுப்பினால்
காசு நீட்டும் கை கொஞ்சம் தயங்கும்.
காய்ச்சல் தானாய்ப் போனதை
யாரும் திரும்பி வந்து சொல்வதில்லை.

இதெல்லாம் சின்ன விஷயம்.
ஸ்டூலில் உட்கார்ந்து சொல்வது ஒன்று,
சீட்டை வாங்கி, எழுந்து,
திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு
அப்புறம்... ஒண்ணுமில்லே
என்பது இன்னொன்று.
முக்கால்வாசிப் பேருக்கு
அந்த ஒண்ணுமில்லேதான் வியாதி.
அதனால் டோக்கன் தரும்போதே சொல்லிவிடுவேன்:
சொல்லக் கூச்சமா இருக்கே, அதை முதல்ல சொல்லுங்க.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை
முப்பத்தோராம் டோக்கனில் என் பெயரை எழுதினேன்.
வள்ளிக்கண்ணு.
வயது என்ற இடத்தில் பேனா நின்றது;
மூத்தவன் வயதோடு இருபத்திரண்டைக் கூட்டினேன்.

தினம் துடைக்கிற ஸ்டூல்
அவ்வளவு உயரம் என்று அன்றுதான் தெரிந்தது.
கால் தரையில் படவில்லை.
தலைவலி என்றேன்.
பிரஷர் பார்த்தார். நல்லாத்தானே இருக்கு என்றார்.
தைலம் மாற்றிப் பார்க்கிறேன் என்று
நானே வைத்தியமும் சொல்லிக்கொண்டு
எழுந்தேன்.
திரைச்சீலை கையில் வந்தது.
அதைத் துவைத்து மாட்டியவள் நான்.

அப்புறம்... ஒண்ணுமில்லே டாக்டர்.

மூடிய பேனாவை அவர் திறந்தார்.
உட்காருங்க வள்ளிக்கண்ணு.

நின்று இரண்டு வருஷமானது
மறுபடி படுகிறது என்றேன்,
மேஜைக் காலண்டரிடம்.
எத்தனை நாளா?
பங்குனியிலேர்ந்து.
பங்குனி, சித்திரை என்று விரல் மடக்கியது அவர்தான்.

காரைக்குடி பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.
ஏதோ விளக்கினார்.
தலையாட்டினேன்.
எல்லாரும் ஆட்டுகிற அதே ஆட்டல்.
பிறகு, புரியலே, இன்னொரு தடவை சொல்லுங்க என்றேன்.
சொன்னார். ஒரு படமும் போட்டார்.
இன்னொரு தடவை கேட்டேன்.
வெளியே முப்பத்திரண்டு இருமியது.

திங்கட்கிழமை ஸ்கேன்.
சனிக்கிழமையே ஆசாரியைக் கூப்பிட்டு
அந்த ஸ்டூலின் கால்களை
நாலு விரல் அறுக்கச் சொன்னேன்.