உன்ர பல்லி

மாஞ்சோலை ஆஸ்பத்திரியில்
அந்த அறைக்கு மட்டும் பெயர்ப்பலகை இல்லை.
இலக்கம் பதினாறு.
வாங்கில் இருந்த நாலு பேரும்
நாலு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கொக்குத்தொடுவாயில் கண்ணிவெடி எடுக்கிற வேலை எனக்கு.
ஏழு வருஷம் குந்தியிருந்து மண் கீறியவள்
மூன்று நாளாய்க் குந்த முடியவில்லை.
மூத்திரம் போனால் மிளகாய்.
அக்கி என்றால் காவி குழைத்து எழுதலாமே
என்றாள் கூட வேலை செய்கிற தர்மாம்பிகை.
எந்த இடம் என்று சொன்னதும்
தண்ணிப் போத்தலைத் திறந்து
குடிக்காமலே மூடினாள்.

வரும்போது ஒரே ஒரு கேள்விதான் கொண்டுவந்தேன்,
கத்தியைப் போலத் துணியில் சுற்றி:
கட்டாரில் ரெண்டு வருஷம் இருந்தவன்
யாரிடமிருந்து வாங்கி வந்தான்?

டொக்டர் நஸ்ரினா கடதாசியைத் திருப்பினார்.
"பஞ்சில் எடுத்த சோதனை வந்திட்டுது.
ஹேர்பீஸ். முதலாம் வகை.
ரெண்டு இருக்கு, அண்ணன் தம்பி மாதிரி.
மூத்தவன் வாய்க்காரன். சின்னனிலேயே
யாரும் கொஞ்சினால் எச்சிலோடு ஒட்டிக்கொள்ளுவான்.
இளையவனுக்கு இடம் இடுப்புக்குக் கீழே,
வாறதும் படுக்கையால்தான்.
ஆனால் மூத்தவனும் கீழே இறங்குவான்,
வாய் போன இடத்துக்கு."

நான் மேசையில் கிடந்த இறப்பர் முத்திரையையே பார்த்தேன்.

"அவருக்கு உதட்டில் கொப்புளம் வாறதா?"

இடது கடைவாய்.
காய்ச்சலுக்குப் பிறகு, அல்லது
அரிவுவெட்டு வெயில் மண்டைக்குள் இறங்கின நாளில்.
பல்லி எச்சம் பட்டது என்பார் மாமி.
தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு வயலுக்குப் போவான்.
போன கிழமைக்கு முதல் கிழமை
பொருக்கு முழுதாக விழவுமில்லை.
கரண்ட் இல்லாத இரவு.
நாங்கள் சிரித்தது ஞாபகம் வந்தது.

"கிணற்று வாளியால் வராது. கக்கூஸால் வராது.
தோலோடு தோல் உரசவேணும்.
புண் இல்லாத நாளிலும் தொற்றும், குறைவாக.
உறை போட்டால் குறையும், முழுக்கத் தடுக்காது.
பிள்ளை தங்கினால் மருத்துவமாதுவிடம் முதலே சொல்லு.
குளிசை அடக்கும். எடுக்காது.
முள்ளந்தண்டின் அடியில்
நரம்பு முடிச்சில் போய்ப் படுத்துக்கிடக்கும்."

எடுக்காது.
அந்தச் சொல்லில் நின்றுவிட்டேன்.
எடுக்கிறதுதானே என்ர தொழில்.

அவனுக்கு எப்ப வந்தது என்று கேட்டேன்.
அதை எந்த இரத்தமும் சொல்லாது என்றார்.

எந்த இரத்தமும் சொல்லாத இடத்தில்
நானே ஒன்றைக் கண்டேன்:
ஷெல் விழுகிற ஒரு மத்தியானம்,
பதுங்குகுழிக்குள் வீரிட்டழுகிற இரண்டு வயதுப் பிள்ளை.
சத்தம் வெளியே போகக்கூடாதென்று
அள்ளிக் கொஞ்சிக் கொஞ்சி
வாயை வாயால் மூடிய யாரோ ஒருத்தி.
அவளுடைய உதட்டோரத்தில் ஒரு சின்னக் கொப்புளம்.
இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

மிதிவெடி ஒன்றில் தடி முட்டினால்
புதைத்தவன் பெயரை நாங்கள் கேட்பதில்லை.
எந்த இயக்கம், எந்த ஆமி, எந்த மழைக்காலம்,
ஒன்றும் கேட்பதில்லை.
எங்கே கிடக்கு, எவ்வளவு ஆழம்,
சிவப்புக் கம்பை எதில் நடுகிறது.
அவ்வளவுதான்.

கட்டார்க் கேள்வி இன்னும் இருக்கிறது.
அது வேறு கேள்வி.
இந்தக் கடதாசி அதற்குப் பதில் இல்லை.

மோட்டார்சைக்கிள் பக்கத்தில் சுகிர்தன்
ரெண்டு ஹெல்மெட்டோடும் நின்றான்.
மூன்று நாளாய் நான் பேசாததில் முகம் வற்றியிருந்தது.
அவனுடைய இடது கடைவாயை உற்றுப் பார்த்தேன்,
வெறும் மண் என்று தெரிந்த பிறகும்
இன்னொருக்கால் தடவிப் பார்க்கிற கண்ணால்.
ஒன்றுமில்லை.

"என்னவாம்?"

"உன்ர பல்லி" என்றேன்.