ஒன்பது இடக்கைப் பக்கம்

தோர்ஸ்ஹவுன் அலுவலகத்தில், மூன்றாம் மாடியில்,
பன்னிரண்டு சால்மன் கூண்டுகளையும்
வரிசைக்கு நான்காக அடுக்கியிருந்தேன்.
சுற்றிலும் எட்டு பிக்சல் இடைவெளி.
சாளரத்தின் மூலையைப் பிடித்து இழுத்தால்
சேர்ந்து அகலும், விட்டால் ஒடுங்கும்,
ஒன்றின் காலை ஒன்று மிதிக்காது.
அன்று மாலை எனக்கு நானே
ஒரு கேக் வாங்கிக்கொடுத்தேன்.

முதல் வாரமே செய்தி வந்தது:
ஒன்பதாம் கூண்டு இரண்டு நாள் பட்டினி.
ஐந்தாம் கூண்டுக்கடியில்
தின்பாரற்று மக்குகிறது நாலு டன் தீனி.

கிளாக்ஸ்விக்கிலிருந்து ரப்பர் படகு.
குடலைக் கையில் பிடித்துக்கொண்டு
தீனித் தெப்பத்தில் ஏறினேன்.
ஹோக்னிக்கு வலக்கையில் மூன்று விரல்.
மற்றதை விஞ்ச் எடுத்துக்கொண்டதாம்.
மவுஸ் இடப்பக்கம் இருந்தது.
நான் பார்த்துப் பார்த்து வைத்த பொத்தான்கள்
எல்லாம் வலது ஓரத்தில்.
'எல்லாவற்றுக்கும் ஊட்டு',
பக்கத்திலேயே 'நிறுத்து',
இரட்டைப் பிள்ளைகள்போல் ஒரே அளவு.
முதலாவதன்மேல், கண்ணாடித் திரையிலேயே,
சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தார்.

அவர் திரையைப் பார்ப்பதே குறைவு.
சன்னல் வழியே கடலைப் பார்க்கிறார்,
கை தானாகப் போகிறது.
கடலில் எண் வரிசை இல்லை.
ஒன்பது இடக்கைப் பக்கம், கரையை ஒட்டி.
அதன் முதுகில் ஐந்து.
ஒரு புயலில் அறுந்துபோய்
மறுபடி நங்கூரமிட்ட இரண்டு, எங்கோ கோடியில்.

மடியில் கணினியை வைத்துக் கட்டத்தைப் பிரித்தேன்.
ஒன்பதை இடக்கைக்குக் கொண்டுவந்தேன்.
பதினொன்றுக்கும் நான்குக்கும் நடுவே
படகு போகும் வழி, அது காலி.
'நிறுத்து' இடது கீழ்மூலையில்,
கட்டைவிரல் அகலத்தில், அண்டை அயல் இல்லாமல்.
காலியிடம் சும்மா இருந்துவிடாது,
இழுத்த இழுப்பில் யாராவது வந்து குந்திவிடுவார்கள்.
அதற்கும் ஒரு பெட்டி கட்டி
நீ நகராதே என்று எழுதவேண்டியிருக்கிறது.

நாலு மணிக்குக் காற்று மாறியது.
ஒற்றைச் சங்கிலியில் தெப்பம்
மெல்ல, ஒரு மாடு திரும்புவதுபோல், திரும்பியது.
சன்னலில் வெறும் மலை.
கூண்டுகள் என் முதுகுக்குப் பின்னால்.
காலையிலிருந்து செய்த வேலை
கண்ணெதிரே தலைகீழ்.

'என்ன மர்யுன், முகம் வெளுத்துவிட்டது?'
திரையைத் தாங்கிய இரும்புக் கையைப் பிடித்து
எதிர்ச் சன்னலுக்குத் திருப்பினார்.
நாற்காலியையும் திருப்பினார். உட்கார்ந்தார்.
ஒன்பது இடக்கைப் பக்கம்.
குழாயில் தீனி
ஆலங்கட்டி மழையாகச் சடசடத்து ஓடியது.

சேமித்தேன். மாற்றக் குறிப்பில்
'கட்டம் நீக்கம்' என்று மட்டும் எழுதினேன்.
நடுவில் ஏன் இவ்வளவு பெரிய ஓட்டை
என்று பிராந்துர் கேட்பார், நிச்சயம் கேட்பார்.
ரப்பர் படகில் வரச் சொல்லவேண்டும்.