பிடிக்கும் இடம்

அரசரடிக்கும் ஆரப்பாளையத்துக்கும் நடுவே
பேட்டரிக் கடை மாடியில் ஒரு அறை.
பகல் வேதமுத்துக்கு. இரவு எனக்கு.
வாடகையில் பாதி, கரண்ட் பில்லில் பாதி.
கீபோர்டின் நாற்பத்தொன்பது கட்டைகளைத்தான்
பிரிக்க முடியவில்லை.
நடுக்கட்டையை யார் எடுத்துக்கொள்வது?

ஊமைப் பெட்டி அது.
கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிவிட்டால்
என்ன குத்தினாலும்
டொக் டொக்கென்று பிளாஸ்டிக் சத்தம்தான்.
எட்டு நாப், ஒன்பது ஃபேடர்.
திருகினாலும் தள்ளினாலும் அது அனுப்புவது எண்.
பூஜ்ஜியத்திலிருந்து நூற்றி இருபத்தேழு வரை.
எவ்வளவு ஆத்திரம் வந்தாலும்
நூற்றி இருபத்தேழுதான்.

சண்டை நாலாயிரம் ரூபாய்க்கு.
ஒத்தக்கடைக் கல்யாண மண்டபத்துக்காரர்
கொடுத்த அட்வான்ஸ்.
அவன் வாங்கினான் என்று நான்,
நான் வாங்கினேன் என்று அவன்.
மண்டபத்துக்காரரையே கேட்டுவிடலாம் என்று
இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.
அல்லது தோன்றியது.

அதற்குப் பிறகு அவனை நான் பார்ப்பது
நாப்களின் வெள்ளைக் கோடுகளில்.
ஏழரைக்கு வந்து லைட்டைப் போட்டால்
எட்டுக் கோடும் எட்டுத் திசையில் நிற்கும்.
முதல் நாப் வலது கோடி:
இன்றைக்கு நாதஸ்வரத்தைப்
பளிச்சென்று திறந்துவிட்டிருக்கிறான்.
மூன்றாவது பாதிக்கு மேல்:
எதிரொலி, எப்போதும்போல் அதிகம்.
ஒன்பதாவது ஃபேடர் அடிமட்டம்:
மொத்தத்தையும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான்,
கடைக்காரன் ஷட்டரை இழுப்பதுபோல.

என் ஃபைலில் வேறு கணக்கு.
நேற்று நான் விட்ட இடத்தில் சத்தம் நிற்கிறது.
இன்று அவன் விட்ட இடத்தில் நாப் நிற்கிறது.
முன்பெல்லாம் விரல் பட்டதும் குதிக்கும்.
முப்பதில் முனகிக்கொண்டிருந்த வயலின்
அவனுடைய நூற்றுப் பத்துக்குத் தாவி
ஹெட்போனுக்குள் அலறும்.
நானும் பதிலுக்கு ஒரு வார்த்தை அலறுவேன்,
உசிலம்பட்டிச் சரக்கு.

செட்டிங்கில் ஒரு வரி இருந்தது. மாற்றினேன்.
இப்போது திருகினால் ஒன்றும் நடக்காது.
திருகத் திருக வெறும் திருகல்.
அவன் எண்ணிலிருந்து இறங்கி இறங்கி
என் எண்ணைக் கடக்கும் அந்தப் புள்ளியில்
சட்டென்று பிடிக்கும்.
அப்புறம் கையோடு வரும்.

பிடிக்கும்.
இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு
நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஐந்தாவது ஃபேடர் கதை தனி.
போன மார்கழியில் பருத்திப்பால் கொட்டியது.
கொட்டியது யார் என்பதும் தீராத வழக்கு.
கருப்பட்டி உள்ளே இறங்கி
அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே ஒட்டிக்கொள்ளும்.
என் உறுமி அதில்தான்.
மேலே ஏறுகிற உறுமி
அந்த இடத்தில் திக்கி, பிறகு பாயும்.
குறும்படக்காரப் பையன் கேட்டுவிட்டு
"அக்கா, அந்தத் திக்கல் நல்லாருக்கு,
அப்படியே விட்ருங்க" என்றான்.

நேற்று ராத்திரி ஐந்தைத் தள்ளினேன்.
வழுக்கிக்கொண்டு போய் உச்சியில் இடித்தது.
இழுத்தேன். வெண்ணெய்.
மேஜையில் காது குடையும் பஞ்சுக் குச்சி இரண்டு,
முனை பழுப்பாக. ஸ்பிரிட் வாடை.
ஃபேடருக்குக் கீழே ஒட்டிய பிளாஸ்திரியில்
அவன் கோணல் எழுத்து:
"ஒச்சம்மா, இனிமே இங்க டம்ளர் வைக்காத."

கொழுப்பைப் பார்.
டம்ளர் அவனுடையது.

கீழே மூன்றே முக்கால் பஸ்
செக்கானூரணி, உசிலம்பட்டி, தேனி என்று
ஆளைத் தேடிக் கத்தியது.
உறுமியை மறுபடி எடுத்தேன்.
எங்கேயும் திக்காமல் ஏறியது,
புது சிமெண்ட் ரோடு மாதிரி.
அறுபத்தைந்தில் விரலை நானே நிறுத்தி
ஒரு மூச்சு விட்டுத் தள்ளினேன்.
நாலு தடவை. சரியாக வரவில்லை.

கிளம்பும்போது
எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டு
ஐந்தை மட்டும் அறுபத்தைந்தில் விட்டுவந்தேன்.
காலையில் வருவான், கை வைப்பான்.
உடனே ஒன்றும் கேட்காது.
கொஞ்சம் தள்ளித்தான் பார்க்கட்டும்.